புழுத்துளையும் அனுமானப் பிரமாணமும்

விஞ்ஞானக் கதைகளில், வெளியின் இரு தொலைவிடங்களை இணைக்கும் குறுக்குவழியான புழுத்துளை ஒரே இரவில் அகப்பட்டுவிடுகிறது. தொலைநோக்கியைத் திருப்பியதும் அதன் வாய் புலப்பட, கதாநாயகன் மறுகணமே பிரயாணத்துக்கு ஆயத்தமாகிறான். மியூனிக் நகரை அடுத்த கார்ஷிங்கில், ரைன்ஹார்ட் கென்ஸலும் அவருடைய மாக்ஸ் பிளாங்க் நிறுவனத் தோழர்களும், பால்வீதியின் மையத்தில் எஸ்2 என்னும் விண்மீன், சூரியனைப் போல் ஏறக்குறைய 43 லட்சம் மடங்கு நிறைகொண்ட ஒரு காணாப் பொருளை 16 ஆண்டுக்கொரு முறை சுற்றிவருவதை 1992 முதல் அளந்துவரும் நிதானத்தை அறிந்த எழுத்தாளர் எவரும் அவ்வாறு எழுத மனம் ஒப்பார்.

அப்பொருளைக் கருந்துளை என்றே அறிஞர் கொள்கின்றனர். ஆயினும், அது புழுத்துளையின் வாயாக இருக்குமானால், மறுபுறத்து விண்மீன்களின் ஈர்ப்பு அதனூடே வந்து எஸ்2-இன் பாதையை இம்மியளவேனும் பிறழச் செய்யும் என்று டாய், ஸ்டோய்கோவிச் என்னும் இரு பௌதிக அறிஞர் 2019-இல் எடுத்துக்காட்டினர். வெறும் மனோரதமாக இருந்த ஒன்றை அளவுக்கு அடங்கச் செய்தமையே இம்முறையின் பெருமை. மறு ஆண்டே கார்ஷிங் குழுவினர், அப்பாதை சுற்றொன்றுக்குச் சுமார் 12 கலை திரும்புவதை அளந்தனர். அது ஐன்ஸ்டைனின் கணக்கோடு இசைந்தது. இன்றைய துல்லியத்தில், மறுபுறத்து ஈர்ப்பைத் துணைக்கு அழைக்கும் அவசியம் நேரவில்லை.

இம்முறையின் குறையோ ஆழமானது. மலையில் புகை கண்டு நெருப்பை அனுமானிக்கும் தார்க்கிகனுக்கு, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் வியாப்தி ஐயமற நிலைபெற்றிருக்கிறது. பாதைப் பிறழ்ச்சிக்கும் புழுத்துளைக்கும் இடையே அத்தகைய வியாப்தி இல்லை. நம் புறத்திலேயே ஒளிந்திருக்கும் சிறு கருந்துளையோ மங்கிய விண்மீனோ அதே பிறழ்ச்சியை விளைவிக்கலாம் என்பதை ஸ்டோய்கோவிச்சே ஒப்புக்கொண்டார். ஆகவே இம்முறை மறுப்பதில் வலியது. நிறுவுவதில் மிக மெலியது. வேறொரு வழியிலும் இதே நிலைதான்: கருந்துளை என எண்ணப்படுவது வேறொன்றாக இருக்கலாம் எனக் காட்டக்கூடிய எதிரொலியை ஈர்ப்பலைகளில் கேட்டதாக 2016-இல் சிலர் அறிவித்தபோதும், ஹனோவர் ஐன்ஸ்டைன் நிறுவனத்தார் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, சான்று வலுவற்றது என்றே கண்டனர்.

இத்துறையில் எழுத்தாளருக்கு உரிமை உண்டு. கார்ல் சேகன் தம் நாவலுக்காகப் பௌதிக அறிஞர் கிப் தோர்னிடம் எழுப்பிய ஐயமே, கடக்கத்தக்க புழுத்துளை பற்றிய 1988-ஆம் ஆண்டு ஆய்வுரைக்கு வித்தாயிற்று. அவ்வுரிமையைச் சந்தேகத்தைச் சித்திரிப்பதிலும் செலுத்த வேண்டுமென்பதே என் வேட்கை. 2018 மே மாதத்தில் மையத்தை நெருங்கிய எஸ்2 மீண்டும் நெருங்குவது 2034-இல். இடையில் ஒரு பிறழ்ச்சியைக் கண்டுவிட்ட ஆராய்ச்சியாளர், மறைந்த விண்மீன் எதுவும் அதற்குக் காரணமன்று என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே அந்த ஆண்டை எதிர்நோக்கியிருக்கும் காலம் ஒரு பெருங்கதைக்குப் போதுமானது.