தொடக்கக் கோடும் காற்றின் கணக்கும்

மிதிவண்டிப் பந்தயம் ஒன்றில் இரண்டு பெண்கள் கலந்து கொள்வதாக வைத்துக்கொள்வோம். இருவரின் உடல் வலிமையும் சமம். வண்டிகளும் ஒரே வகை. 100 கிலோமீட்டர் தூரத்தை ஒருவர் 2 மணி 47 நிமிடத்தில் கடக்கிறார். மற்றவருக்கு 3 மணி 10 நிமிடம் ஆகிறது. முன்னவருக்குப் பரிசு கிடைக்கிறது. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. நடுவரும் தவறு செய்யவில்லை. அப்படியானால் இந்த 23 நிமிட வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முன்னவர் வழியில் ஆண்கள் கூட்டம் ஒன்றோடு சேர்ந்துகொண்டு அவர்களின் முதுகுக்குப் பின்னால் சென்றார். பின்னவர் தனியாகக் காற்றை எதிர்த்துச் சென்றார். வேறு காரணம் எதுவும் இல்லை.

அமெச்சூர் மிதிவண்டிப் பந்தயங்களில் பெண்களை ஆண்களுடன் சேர்த்தே புறப்படச் செய்வதா, தனியே புறப்படச் செய்வதா என்பது நெடுநாளைய வழக்கு. இதனை நிர்வாக வசதி பற்றிய கேள்வியாகவே பலர் கருதுகின்றனர். உண்மையில் இது அளவீடு பற்றிய கேள்வி. நாம் எதை அளக்க விரும்புகிறோமோ அதைத்தான் அளக்கிறோமா என்று கேட்பது அறிவியல் மாணவனின் முதல் கடமையல்லவா?

காற்று வாங்கும் வரி

சமதளச் சாலையில் மிதிவண்டி ஓட்டுபவரின் உழைப்பில் பெரும் பங்கு காற்றைப் பிளந்து செல்வதற்கே செலவாகிறது. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மூன்றாம் படிக்கு நேர் விகிதத்தில் உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இதற்கான திறன் எட்டு மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 70 கிலோகிராம். வேகம் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். தனியே செல்லும்போது காற்றுக்கு ஏறக்குறைய 192 வாட், சக்கரங்களின் உருளல் உராய்வுக்கு 34 வாட், ஆக 226 வாட் தேவைப்படும். இன்னொருவரின் பின்னால் நெருங்கிச் சென்றால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைவது இயல்பு. அப்போது 159 வாட் போதும். இதே 159 வாட் திறனுடன் ஒருவர் தனியே சென்றால் மணிக்கு 31.5 கிலோமீட்டர் வேகமே கிட்டும். நமது இரண்டு பெண்களின் 23 நிமிட வேறுபாடு இப்படித்தான் பிறந்தது.

பெருங்கூட்டத்தில் இந்த லாபம் இன்னும் மிகுதி. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணிப்பொறியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் உள்ளவர் சந்திக்கும் காற்றுத் தடை, தனியே செல்பவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே என்று கண்டனர்.

ஆகவே ஒரு பெண் எந்தக் கூட்டத்துடன் புறப்படுகிறார் என்பது அற்ப விஷயம் அன்று. அவருடைய நேரத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் அதுவும் ஒன்று.

எம்போரியாவில் செய்த திருத்தம்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிற்றூர் உள்ளது. அதைச் சுற்றியுள்ள புல்வெளிக் குன்றுகளின் சரளைச் சாலைகளில், 200 மைல் தூரத்துக்கு (ஏறத்தாழ 322 கிலோமீட்டர்) 2006 முதல் ஒரு பந்தயம் நடந்து வருகிறது. இன்று அதன் பெயர் அன்பவுண்ட் கிராவல். தொழில்முறை வீரர்கள் சிலரும், அமெச்சூர்கள் மிகப் பலரும் ஒரே நாளில் ஒரே பாதையில் செல்வது இதன் சிறப்பு. பெண்களுக்குத் தனிப் பரிசு உண்டு. ஆனால் நெடுங்காலம் அவர்கள் ஆண்களுடன் கலந்தே ஓட்டினர்.

2024-இல் அமைப்பாளர்கள் ஒரு திருத்தம் செய்தனர். முன்னணி ஆண்கள் காலை 5.50-க்கும், முன்னணிப் பெண்கள் 6.05-க்கும், அமெச்சூர்கள் 6.30-க்கும் புறப்பட்டனர். அவ்வாண்டு ஒன்பது பெண்கள் ஒன்றாகவே இறுதிக் கோட்டை நெருங்கினர். ஜெர்மனியின் ரோசா குளோசர் 10 மணி 26 நிமிடத்தில் முதலாவதாக வந்தார்.

இம்முடிவு முழுவதற்கும் புதிய தொடக்க முறையே காரணம் என்று சொல்வது அறிவியல் ஆகாது. முந்திய ஆண்டான 2023-இல் மழை பெய்து, பாதை களிமண் சேறாகி, பலர் வண்டியைத் தோளில் சுமந்து நடந்தனர். நிலைமைகள் வேறாக இருக்கும்போது இரண்டு ஆண்டுகளை நேரே ஒப்பிட முடியாது. எனினும் ஒன்றைத் துணிந்து கூறலாம். அந்த ஒன்பது பேரும் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துப் போட்டியிட்டனர். தமக்கு முன்னே எத்தனை பெண்கள் செல்கின்றனர் என்றே தெரியாமல் ஆண்கள் கூட்டத்தில் மறைந்து செல்லும் நிலை அவர்களுக்கு இல்லை. பந்தயம் என்ற சொல்லுக்கு இதுவே பொருள்.

திருத்தம் போதுமா?

திருத்தத்தைப் பாராட்டுகிறோம், ஆனால் அது பாதி வழியில் நின்றுவிட்டது என்பதே நமது குறை. பள்ளியில் இரண்டு ரயில்களை வைத்துப் போடும் ஒப்புமைத் திசைவேகக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

முதலிடம் பெறும் பெண்ணின் சராசரி வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர். அமெச்சூர் ஆண்களில் வேகமான கூட்டம் 33 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். 25 நிமிடத்தில் அந்தப் பெண் 13 கிலோமீட்டர் சென்றிருப்பார். மணிக்கு 2 கிலோமீட்டர் வீதம் நெருங்கும் ஆண்கள் அவரை எட்டும்போது ஏறத்தாழ 213 கிலோமீட்டர் ஆகியிருக்கும். பாதையில் மூன்றில் இரண்டு பங்கு வரை அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

அதே பிரிவில் 27 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இன்னொரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவரை அதே கூட்டம் 62 கிலோமீட்டரிலேயே எட்டிவிடும். அதன் பிறகு அவருக்குக் காற்று மறைவு கிடைப்பதும் கிடைக்காததும், அந்தக் கணத்தில் அவர் ஏற்றத்தில் இருந்தாரா, தண்ணீருக்காக நின்றாரா என்பதைப் பொறுத்தது. முதல் பெண்ணைக்கூட இறுதிவரை காப்பதற்கு 25 நிமிடம் போதாது. இக்கணக்குப்படி 38 நிமிடம் வேண்டும். இடைவெளியை வேகங்களிலிருந்து கணக்கிட வேண்டுமேயன்றிக் கைக்கு வந்த எண்ணை எழுதிவிடக் கூடாது.

பின்னால் புறப்படும் பெண்கள் முன்னால் செல்பவர்களை எட்டிவிடுவதும் உண்டு. பெல்ஜியத்தில் 2019 மார்ச் 2 அன்று நடந்த ஓம்லூப் ஹெட் நியூஸ்பிளாட் என்ற தொழில்முறைப் பந்தயத்தில் ஆண்களுக்குப் பத்து நிமிடம் கழித்துப் பெண்கள் புறப்பட்டனர். சுவிட்சர்லாந்தின் நிக்கோல் ஹான்சல்மன் தனியே முன்னேறி, ஆண்கள் பந்தயத்தின் பின்னே சென்ற வாகனங்களையே எட்டிவிட்டார். பெண்கள் பந்தயம் சில நிமிடங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கிய பின் அவரால் முன்னணியில் நிற்க முடியவில்லை. வேகமாக ஓட்டியது அவர். இடைவெளியைக் குறைவாகக் கணித்தது அட்டவணை. அதற்கான விலையைக் கொடுத்ததோ அவர்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எம்போரியாவின் தனித் தொடக்கம் முன்னணிப் பெண்களுக்கு மட்டுமே. பெண்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள். அவர்கள் ஆண்களுடன் ஒரே பெருங்கூட்டமாகவே புறப்பட்டனர். சம்பளம் பெறுவோருக்கு நியாயமான அளவீடு, ஆசைக்காக ஓட்டுவோருக்கு அதிர்ஷ்டச் சீட்டு என்பது என்ன முறை?

எதிர்வாதங்கள்

"கூட்டத்தில் இடம் பிடிப்பதும் ஒரு திறமைதானே?" என்று கேட்பர். மெய்தான். ஆனால் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இருக்கும்போதுதான் அது திறமை. கணவரோ நண்பரோ முன்னே நின்று காற்றை மறைத்துக் கொடுக்க, அவர் பின்னால் செல்லும் பெண்ணுக்கும், அத்தகைய துணை இல்லாத பெண்ணுக்கும் வாய்ப்பு சமம் அன்று.

"ஆண்களின் பின்னால் செல்லக் கூடாது என்று விதி போட்டால் போதாதா?" என்பர். 322 கிலோமீட்டர் சரளைச் சாலை முழுவதும் எத்தனை நடுவர்களை நிறுத்துவது? கண்காணிக்க இயலாத விதி, அதனை மதிப்பவரை மட்டுமே தண்டிக்கும்.

மூன்றாவது வாதம் வலுவானது. "பத்துப் பன்னிரண்டு பெண்களே வரும் சிறு பந்தயங்களில் அவர்களைத் தனியே அனுப்பினால், துணையின்றி நெடுந்தூரம் காற்றில் அலைவார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள்." இதனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டாகச் செல்வதில் மகிழ்ச்சியும் பாதுகாப்பும் உண்டு. அத்தகைய இடங்களில் கலந்தே புறப்படட்டும். ஆனால் முடிவுப் பட்டியலில் அதனை மறைக்க வேண்டாம்.

ஓட்டப் பந்தயம் காட்டும் வழி

இதற்கு முன்மாதிரி உண்டு. 2003-இல் லண்டன் மாரத்தானில் பாலா ராட்கிளிஃப் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். வேகம் காட்ட ஆண்கள் உடன் ஓடினர். பெண்கள் மட்டும் ஓடும் பந்தயங்களில் நிகழ்வதே உலகச் சாதனை என்று 2011-இல் உலகத் தடகள அமைப்பு விதி செய்ய முனைந்தது. எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் கலப்புப் பந்தயச் சாதனை, பெண்கள் மட்டும் ஓடிய பந்தயச் சாதனை என இரண்டு பட்டியல்கள் ஏற்பட்டன. ராட்கிளிஃப்பின் பெருமையும் குறையவில்லை, அளவீடும் தெளிவாயிற்று.

ஓடுபவரின் வேகம் குறைவு. ஆதலால் காற்று மறைவினால் அவருக்குக் கிடைக்கும் பயன், மிதிவண்டி ஓட்டுபவருக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. அங்கேயே இரண்டு பட்டியல் தேவை என்றால், இங்கே எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

அமைப்பாளர்கள் செய்ய வேண்டியவை மூன்று. போதிய எண்ணிக்கை உள்ள இடத்தில் அமெச்சூர் பெண்களுக்கும் தனித் தொடக்கம் அளிக்க வேண்டும். அதற்கான இடைவெளியை முந்திய ஆண்டுகளின் வேகங்களைக் கொண்டு கணக்கிட வேண்டும். எண்ணிக்கை போதாத இடத்தில் முடிவுப் பட்டியலில் 'கலப்புத் தொடக்கம்' என்று குறிக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். காகிதமும் பென்சிலும் போதும்.

ஆய்வுக் கூடத்தில் வெப்பநிலையைக் குறிக்காமல் ஒரு மாணவன் வாயுவின் கன அளவை எழுதி வந்தால், அந்த விடையை நாம் ஏற்பதில்லை. எந்தக் காற்றில் ஓட்டினார் என்று குறிக்காமல் ஒரு பெண்ணின் நேரத்தை எழுதுவதும் அத்தகையதே.