தொண்ணூறு நிமிடச் சொத்து, முப்பது நிமிடத் தடை

கால்பந்து ஆட்டத்தின் நேரலை உரிமை ஒரு விசித்திரமான சொத்து. ஆட்டம் தொடங்கும்போது அதற்குக் கோடிக்கணக்கில் மதிப்பு. தொண்ணூறு நிமிடம் கழிந்து முடிவு தெரிந்துவிட்டால் பெரும்பகுதி காலி. திருட்டுத்தனமாக இணையத்தில் ஏறிய திரைப்படத்தை நோட்டீஸ் அனுப்பி இரண்டு நாளில் நீக்க வைத்தாலும் தயாரிப்பாளருக்கு ஏதோ மிஞ்சும். நேரலை விஷயத்தில் அந்த நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் நடுவர் கடைசி விசிலை ஊதியிருப்பார். அதனால்தான் ஒளிபரப்பாளர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுக்கும் முறைக்கு வந்தார்கள். வந்தது நியாயம்தான். ஆனால் வந்த வழிகள் எல்லாம் நியாயமானவை அல்ல. அவற்றை எடைபோட ஒரு கேள்வி போதும்: தடை தவறாக விழுந்தால் நஷ்டம் யாருக்கு?

நல்ல முன்மாதிரி இங்கிலாந்தில் கிடைக்கிறது. 2017 மார்ச்சில் பிரீமியர் லீக் கேட்டுக்கொண்டபடி, லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்னால்ட் ஆறு பெரிய இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு பிறப்பித்தார். தடைக்கு இலக்கானவை இணையதளங்கள் அல்ல, திருட்டு ஒளிபரப்பை அனுப்பும் சர்வர்கள். தடை ஆட்ட நேரத்துக்கு மட்டும். சர்வர் பட்டியலை வாரந்தோறும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். சர்வரை வாடகைக்கு விட்டவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் நீதிமன்றம் வந்து முறையிடலாம். உத்தரவின் ஆயுள் அந்தப் பருவத்தோடு முடிந்தது. தொடர வேண்டுமானால் மறுபடி நீதிபதி முன் நிற்க வேண்டும். அதிகாரம் கொடுக்கும்போதே அதற்குக் கடிவாளமும் போட்ட உத்தரவு இது.

இதிலும் ஓட்டை உண்டு. தடுக்கச் சொல்லப்பட்ட ஆறில் ஸ்கை, பிடி (BT) நிறுவனங்களும் இருந்தன. கால்பந்து ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கட்டியவர்களும் அவர்களே. ஆகவே நீதிமன்றத்தில் எதிர்த்து வாதாட ஆளில்லை. ஒரு சர்வரை எந்த அடிப்படையில் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்ற விவரத்தின் ஒரு பகுதியும் ரகசியமாகவே வைக்கப்பட்டது. இருந்தாலும், நீதிபதி ஒருவர் பார்த்தார் என்ற குறைந்தபட்ச உறுதியாவது இருந்தது.

இத்தாலி அந்த உறுதியைக் கைவிட்டது. 2023-ல் வந்த சட்டத்தின் பலத்தில், 2024 பிப்ரவரியில் ‘பைரசி ஷீல்டு’ என்ற தானியங்கித் தளம் இயங்கத் தொடங்கியது. உரிமையாளர் தரப்பு ஓர் ஐ.பி. முகவரியையோ (சர்வரை அடையாளம் காட்டும் எண்) டொமைன் பெயரையோ பதிவேற்றினால், முப்பது நிமிடத்துக்குள் நாட்டின் இணையச் சேவை நிறுவனங்கள் அதை முடக்க வேண்டும். இடையில் நீதிபதி கிடையாது. விளைவு அதே ஆண்டு அக்டோபர் 19 இரவு தெரிந்தது. கூகுள் டிரைவ் பயன்படுத்தும் டொமைன் பெயர் ஒன்று பட்டியலில் ஏறியது. கால்பந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் மணிக்கணக்கில் தங்கள் கோப்புகளைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்.

ஸ்பெயினில் நீதிமன்ற உத்தரவு இருந்தும் இதே கதை. அந்நாட்டுக் கால்பந்து லீக்கான லா லீகாவும் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிபோனிகாவும் 2024 டிசம்பரில் பார்சிலோனா வணிக நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் காட்டி, இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஐ.பி. முகவரிகள் ஆட்ட நேரங்களில் முடக்கப்பட்டன. அந்த நிறுவனத்தின் ஒரே முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கக்கூடும். ஒரு வீட்டில் வாடகை பாக்கி என்பதற்காக அடுக்குமாடி முழுவதற்கும் தண்ணீரை நிறுத்துவதைப் போன்றது இது. சம்பந்தமில்லாத தளங்கள் வார இறுதிகளில் திறக்காமல் போயின. கிளவுட்ஃபிளேர் முறையிட்டது, 2025 மார்ச்சில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இந்தப் பாடத்தைச் சென்னை முன்பே படித்திருக்கிறது. 2012-ல் ‘3’ திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடையுத்தரவைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுதாக மூடின. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் விளக்கம் தந்தது: திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைப்பை மட்டும் தடுக்க வேண்டும், தளத்தை அல்ல. சர்வரிலிருந்து நேரடியாக ஓடும் ஒளிபரப்புக்கு அந்தத் தீர்வு அப்படியே பொருந்தாது. ஆனாலும் குறி சுருங்க வேண்டும் என்ற கொள்கை பொருந்தும்.

குறியை மிகவும் சுருக்கும் கருவி ஒன்று ஒளிபரப்பாளர் கையிலேயே இருக்கிறது: வாட்டர்மார்க். ஸ்ட்ரீமிங்கில் வரும் காட்சி சில விநாடி நீளத் துண்டுகளாகத்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு வடிவங்களில் தயாரிக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். ஒரு சந்தாதாரருக்கு அ, ஆ, ஆ, அ என்ற வரிசை போனால் அடுத்தவருக்கு ஆ, அ, ஆ, ஆ. திருட்டு ஒளிபரப்பைப் பதிவு செய்து அந்த வரிசையைப் படித்தால், கசிந்தது எந்தக் கணக்கிலிருந்து என்று தெரிந்துவிடும். அந்த இணைப்பை மட்டும் துண்டிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. குறைகளும் இருக்கின்றன: வரிசையைப் படித்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும்; இரண்டு கணக்குகளின் காட்சியைக் கலந்து குழப்பப் பார்க்கலாம்; ஒவ்வொரு துண்டையும் இருமுறை தயாரித்துச் சேமிக்கச் செலவும் கூடும். ஆனால் அந்தச் செலவு ஒளிபரப்பாளருடையது. ஐ.பி. தடையின் செலவு ஊராருடையது. இரண்டாவதில் அவர்கள் காட்டும் ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணமென்று நினைக்கிறேன்.

பணம் பார்ப்பவரை நேராகப் பிடிப்பதும் குறி தவறாத வழிதான். மாதம் 10 பவுண்டுக்கு, 50,000-க்கும் அதிகமானவர்களுக்குத் திருட்டு இணைப்பு விற்ற ‘ஃபிளாலெஸ்’ கும்பலின் ஐந்து பேருக்கு 2023 மே மாதம் இங்கிலாந்தில் மொத்தம் 30 ஆண்டுகளுக்கு மேல் சிறை கிடைத்தது. வழக்கை நடத்தியது பிரீமியர் லீக்கே. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அந்தக் கும்பல் ஐந்து ஆண்டுகள் சம்பாதித்துவிட்டது.

அத்தனை பேர் ஏன் அந்த 10 பவுண்டைக் கட்டினார்கள் என்பதை ஒளிபரப்பாளர்கள் பேச விரும்புவதில்லை. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலைக்குத் தடை. சிறிய கிளப்புகளின் மைதான வசூலைக் காக்க 1960-களில் வந்த ஏற்பாடு அது, நோக்கம் நல்லதுதான். ஆனால் 2025-26-ல் தொடங்கிய ஒப்பந்தத்திலும், பிரீமியர் லீக் பருவத்தின் 380 ஆட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை சொந்த நாட்டில் நேரலையில் வராது, வெளிநாடுகளில் வரும். மீதியைப் பார்க்கவும் ஸ்கைக்கு ஒரு சந்தா, டிஎன்டி சேனலுக்கு ஒரு சந்தா. எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றை ரசிகர் திருட்டுக் கடையில் வாங்குவது சட்டப்படி குற்றம். ஆனால் அதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. விற்க மறுக்கும் சரக்குக்குக் கள்ளச் சந்தை உருவாகத்தான் செய்யும். எந்த சர்வரை முடக்கினாலும் அது இன்னொரு சர்வரில் முளைக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் வாட்டர்மார்க், அடுத்து விற்பவர் மீது வழக்கு, கடைசியாகத் தடை. அந்தத் தடைக்கும் மூன்று நிபந்தனைகள்: ஆட்டம் முடிந்ததும் அது தானாக விலக வேண்டும், முடக்கிய முகவரிகளின் பட்டியல் வெளியாக வேண்டும், தவறாக முடக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். மூன்றாவதற்குச் சம்மதிக்காத ஒளிபரப்பாளரிடம் முப்பது நிமிடத் தடை அதிகாரத்தை எந்த நாடும் ஒப்படைக்கக் கூடாது.