உறுமிக்கு விடப்பட்ட இடம்

மனோர் பார்க், ஈஸ்ற்ஹாம் பக்கத்து மண்டபங்களில் எம்மவரின் கொண்டாட்டங்களுக்குப் போய்வருபவர்கள் அந்தச் சத்தத்தை அறிவார்கள். கீபோட், றிதம் பொக்ஸ், பாடகர் என மூன்றும் ஒன்றையொன்று மேவப் பார்க்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றது கேளாது. மற்றதையும் கூட்டுவார்கள். கடைசியில் எல்லாம் உச்சத்தில் நிற்கும், பாட்டு மட்டும் விளங்காது.

காரணம் எளிது. அண்மித்த அதிர்வெண்களில் ஒலிக்கும் இரண்டில் பலத்தது மெல்லியதை விழுங்கிவிடும். எமது காது அப்படி. டிஜிற்றல் பதிவுக்கோ உச்சவரம்பு ஒன்றுண்டு, தாண்டினால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஆகவே மின்னிசையைக் கலப்பவரின் வேலையில் பெரும்பங்கு குறைப்பதுதான். எதைக் குறைக்கிறார் என்பதில் அவருடைய இரசனை மட்டுமல்ல, அரசியலும் தெரிந்துவிடும் என்பது எமது எண்ணம்.

எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் 'கலா' (2007) இசைத்தட்டை இந்தக் காதோடு மீண்டும் கேட்கலாம். தகப்பனின் இயக்கப் பெயரைத் தாங்கிய 'அருளர்' (2005) பெரும்பாலும் றோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றைப் பெட்டியிலிருந்து முளைத்தது. ஒரே பெட்டியின் மெலிந்த ஒலிகள் அதிகம் சண்டையிடுவதில்லை. தாயின் பெயரைத் தாங்கிய 'கலா'வில்தான் சண்டை தொடங்குகிறது: சென்னையில் பதிவான உறுமி லண்டன் நடன மண்டபத்தின் பேஸுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

உறுமி இலேசில் அடங்கும் வாத்தியமல்ல. ஒரு தோலை வளைந்த குச்சியால் தேய்க்க எழும் அந்த முனகல், கீழிருந்து மேலாக வழுக்கிக்கொண்டு போகும்; கிக்கும் பேஸும் குடியிருக்கும் இடத்தையே உரசிச்செல்லும். சாதாரணமாக இங்குள்ள தயாரிப்பாளர் என்ன செய்வார்? உறுமியின் அடிப்பாகத்தை ஈக்வலைசரால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமுள்ள 'டக்டக்'கை வாசனைக்குத் தூவுவார். கறிக்குக் கறிவேப்பிலை மாதிரி. 'பேர்ட் ஃப்ளூ' பாடலில் அது நடக்கவில்லை. எமது காதுக்கு அங்கே வழமையான பேஸ் வரி இல்லையென்றே சொல்லலாம். அந்த இடம் முழுவதும் தோலுக்கு விடப்பட்டிருக்கிறது. கோழிச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் மேலே, மெல்லிய தளத்தில். 'போய்ஸ்' அவ்வளவு கைகூடவில்லை. கோஷமும் மின்னொலிகளும் நடுப்பகுதியில் நெருக்கியடித்து, உறுமியைக் கூட்டத்தில் ஒருவராக்கிவிடுகின்றன.

"இது வெறும் இரைச்சல்" என்று எம்மவர் பலர் முகஞ்சுளித்தார்கள். மனோர் பார்க் சேர்ச் றோட்டு முருகன் கோயிலில் மேளச்சமாவை மணிக்கணக்காகக் கேட்பவர்கள் இப்படிச் சொல்வதுதான் எமக்கு வியப்பு. மேளம் இரைச்சல் குறைந்த கலையா? நாதஸ்வரக்காரர் இராகம் இழுக்கும்போது தவில் முழுமையாக ஓய்வதில்லை. சொற்றொடர் முடிந்து மூச்செடுக்கும் இடைவெளியில் புகுந்து, அடுத்த மூச்சுக்கு முன் விலகிக்கொள்ளும். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் (1933–1975) தவிலைப் பதிவுகளில் கேட்டவர்களுக்கு இந்த விலகலின் அழகை நாம் விளக்கத் தேவையில்லை. இன்றைய நடன இசையில் கிக் விழும் கணத்தில் பேஸைத் தானாக அமுக்கிவிடக் கொம்பிரஸரைப் பூட்டுகிறார்கள். இரண்டும் ஒரே நியாயம். முன்னையதில் மரியாதையும் கூட இருக்கிறது.

இந்தத் தட்டில் ஆகப் பிரபலமான 'பேப்பர் பிளேன்ஸ்', 'த கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் கிற்றார் துண்டின்மேல் கட்டப்பட்டது. அதன் பல்லவியில் சொற்கள் பாதியில் நிற்கின்றன. நின்ற இடத்தில் துப்பாக்கி வேட்டுகளும் கல்லாப்பெட்டியின் ஓசையும் விழுகின்றன. போட்டியே இல்லை. குரல் முற்றாக ஒதுங்கி வெடிக்கு இடங்கொடுக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே படுத்தெழும்பிய எம்மில் பலருக்கு இதை நடனமாடிக் கேட்க முடியாது. அது நியாயமான மனத்தடை. ஆனால் 2007இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேட்டொலியை எடுத்துவிட்டு வேறு ஒலியை வைத்தபோது பாட்டு என்னவாயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். எடுத்தது ஒரு அலங்காரமென்று நினைத்தார்கள். எடுபட்டது வாக்கியத்தின் பயனிலை. பாடகி வாய்மூடி வழிவிட்டிருந்த அந்த இடம், விட்டபடியே வெறுமையாகக் கிடந்தது.