தூண்டில் பிடித்த பாண்மகள்

மும்பையில் பாத்திரக்கடை வைத்து முப்பத்தைந்து வருஷமாகிறது. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். மீன் வாசனை வீட்டுப் பக்கமே வராது. ஆனால் அலுமினியத் தட்டும் தவலையும் வாங்க வரும் கோளிப் பெண்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. "அண்ணா, மராட்டியில நாங்க கோளீண். உங்க பாஷையில எங்களுக்கு என்ன பேர்?" என்று ஒரு மவுசி கேட்டார். 'மீன்காரி' என்று வாய்வரை வந்தது; சொல்லக் கூசியது. அந்தக் கூச்சம்தான் என்னை ஏடுகளுக்குள் தள்ளியது.

முதலில் புரட்டியது நம்பியகப்பொருள். 13-ஆம் நூற்றாண்டில் அதைச் செய்த நாற்கவிராச நம்பி எங்கள் சமயத்தார். கொல்லாமை நோன்பி என்பதற்காக நெய்தல் மக்களை அவர் விட்டுவிடவில்லை. நுளையர் நுளைச்சியர், பரதர் பரத்தியர், அளவர் அளத்தியர் என்று ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்ணாக எண்ணி வைத்தார். அதுவரை நல்லது. ஆனால் இவை குடிப்பெயர்கள். அவள் எந்தக் குடி என்று சொல்லுமே தவிர, என்ன வேலை செய்தாள் என்று சொல்லாது.

சிலம்பின் கானல்வரியில் அவள் வேலை கொஞ்சம் தெரிகிறது: உணங்கும் மீனைப் பறவை கொத்தாமல் காக்கிறாள். ஆனால் பாட்டின் நோக்கம் வேறு. தமையன்மார் கடல் புகுந்து உயிர் கொல்கிறார்கள், இவள் பார்வையால் காதலனைக் கொல்கிறாள் என்று அழகுக்குத் திருப்பிவிடுகிறது. உழைப்பு உவமைக்குள் மறைந்துபோகிறது.

மறையாத இடம் அகநானூறு 216. அங்கே பாண்மகள் ஒருத்தி தூண்டிற்கோலால் தானே வரால் பிடிக்கிறாள். நறவு குடித்துக் கிடக்கும் தகப்பனுக்கு வஞ்சி விறகில் சுட்டு ஊட்டுகிறாள். ஐங்குறுநூற்றிலும் பாண்மகள் வட்டியில் மீன் கொண்டுவந்து கொட்டிப் பயறு நிறைத்துப் போகிறாள். பிடிப்பவளும் விற்பவளும் கண்ணெதிரே நிற்கிறார்கள். ஆனால் பெயரோ யாழ்ப்பாணர் குடியின் பெயர்!

இன்றைய 'மீனவர்' மட்டும் என்ன? 'மீனவன்' என்றால் பழைய நூல்களில் மீன்கொடி கொண்ட பாண்டியன். நம் காலத்தில் அது கடல் தொழிலாளிக்கு வந்தது, மரியாதையான மாற்றம்தான். ஆனால் அதற்குப் பெண்பால் முளைக்கவில்லை. 'மீனவப் பெண்' என்கிறோம். மீனவர் வீட்டுப் பெண்ணா, மீன்தொழில் செய்யும் பெண்ணா? சொல்லில் விடை இல்லை.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லைங்க. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணக் கணக்கு பெரும்பாலும் படகையும் வலையையும் சுற்றியே போயிற்று. கூடையும் கைமுதலும் இழந்த பெண்கள் பின்வரிசையில் நின்றார்கள். பெயரில் தொழில் இல்லாதவளுக்குப் பட்டியலிலும் தொழில் இல்லை.

ஆகவே என் எளிய முடிவு: மீன் பிடிப்பவள், மீன் விற்பவள், கருவாடு காய்ப்பவள், மன்னார் வளைகுடாவில் முங்கிப் பாசி எடுப்பவள் என்று செய்யும் தொழிலைச் சொல்லியே எழுதுவோம். சொல் நீளட்டும், ஆள் மறைய வேண்டாம். நான் மீனைத் தொடமாட்டேன். அது என் விரதம். அந்த விரதம் ஒருத்தியின் உழைப்பை இளப்பமாகப் பேச எனக்கு உரிமை தரவில்லை.

மவுசியிடம் பாண்மகள் கதையைச் சொன்னேன். "அப்பன் அப்பவே குடிகாரனா?" என்று சிரித்துவிட்டு, தட்டுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.