சீட்டு ஒட்டினால் பிள்ளையாகிவிடுமா?

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஓர் உலோகப் பட்டறையின் தரக்கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஆர் மொழியில் நிரல் எழுதுகிறவன் நான். 4.2.0 பதிப்பை ஏற்றிய அன்று காலை என் நிரல் நின்றுபோனது. தரவின் வகுப்பு ‘மேட்ரிக்ஸ்’தானா என்று ‘இஃப்’ நிபந்தனைக்குள் சமக்குறி போட்டுக் கேட்டிருந்தேன். 2020-இல் வந்த 4.0.0 முதல் அணிக்கு ‘மேட்ரிக்ஸ்’, ‘அரே’ என்று இரண்டு வகுப்புகள். ஆகவே விடையும் இரண்டு. முதலில் எச்சரித்துவிட்டு விட்டார்கள், 2022-இல் பிழை என்றே நிறுத்திவிட்டார்கள். ‘இன்ஹெரிட்ஸ்’ கொண்டு கேட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்பை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட அமைப்பை எடைபோட வேண்டியிருக்கிறது.

எஸ்3 என்ற அந்த அமைப்பு 1992-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவிடமிருந்து வந்தது. அதில் வகுப்பு என்பது பொருளின் மேல் ஒட்டிய சீட்டு, அவ்வளவே. ‘பிரிண்ட்’ என்ற பொதுச் செயற்கூறை அழைத்தால் சீட்டைப் படித்து, ‘பிரிண்ட்’, ஒரு புள்ளி, வகுப்பின் பெயர் என்று அமைந்த செயற்கூறை, அதாவது முறையை, தேடி ஓட்டும். மூல ஆசிரியரின் அனுமதி இல்லாமலே யாரும் புதிய முறையைச் சேர்த்துக்கொள்ளலாம். இதன் அருமை எனக்குத் தெரிந்தது லூகா ஸ்க்ருக்காவின் கியூ.சி.சி. தொகுப்பில். அதுவும் இதே பெயர்வழக்கை நம்புகிறது: ‘ஸ்டாட்ஸ்’, ‘எஸ்.டி.’, ‘லிமிட்ஸ்’ என்ற மூன்று சொற்களின் பின்னே புள்ளி வைத்து, நம் வரைபடத்தின் பெயரிட்டு மூன்று செயற்கூறுகள் எழுதினால் புதிய கட்டுப்பாட்டு வரைபடம் தயார். எங்கள் வார்ப்புத் தொகுதிகளின் அளவு நாளுக்கு நாள் மாறும். அதற்கேற்ற குறைபாட்டு விகித வரைபடத்தை ஒரு மதியத்தில் முடித்தேன். புள்ளியை நம்புவதில் குழப்பமும் உண்டுதான்: ‘டி.டெஸ்ட்’ பார்வைக்கு, அணியைத் திருப்பிப்போடும் ‘டி’யின் முறை போலவே இருக்கும். அது சில்லறைத் தொல்லை.

பெரிய தொல்லை மரபுரிமையில். ஆரில் பொதுமை நேரியல் மாதிரியான ‘ஜி.எல்.எம்.’ தன்னை நேரியல் மாதிரியான ‘எல்.எம்.’மின் பிள்ளை என்று அறிவித்துக்கொள்கிறது. கணிதத்தில் பார்த்தால் உறவு தலைகீழ், ‘எல்.எம்.’தான் அதன் ஒரு சிறப்பு நிலை. ‘எல்.எம்.’முக்காக நான் எழுதிய ஒரு முறை, பொருளுக்குள் இருக்கும் எச்சங்களை நேரே எடுத்தது. அதே முறையிடம் ‘தேறியது, தேறாதது’ என்று விடை தரும் ஒரு ‘ஜி.எல்.எம்.’ மாதிரியைக் கொடுத்தேன். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, எண்கள் வந்தன. ஆனால் ‘ஜி.எல்.எம்.’ உள்ளே வைத்திருப்பது கணிப்புச் சுழற்சியின் கடைசிப் படியில் மிஞ்சும் எச்சம்; கவனித்த மதிப்புக்கும் பொருத்திய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு அல்ல.

1998-இல் வந்த எஸ்4 இதற்கு மருந்தா? புலங்களை முன்கூட்டி அறிவிக்கச் சொல்கிறது, வகை சரியா என்று பார்க்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளீடுகளின் வகுப்பைப் பார்த்து முறையைத் தேர்கிறது. அடர்ந்த அணியை ஐதான அணியால் பெருக்கும் ‘மேட்ரிக்ஸ்’ தொகுப்புக்கு இது இல்லாமல் ஆகாது. ஆனால் பொய்யான பிள்ளை உறவை எஸ்4-இலும் அறிவிக்கலாம், அது தடுக்காது. டெல்லி இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தீபாயன் சர்க்கார் எழுதிய ‘லாட்டிஸ்’ வரைபடத் தொகுப்பு நல்ல சாட்சி. அதன் ‘எக்ஸ்ஒய்பிளாட்’ ஒரு எஸ்3 பொதுச் செயற்கூறு. உயிரணுத் தரவுக்கான ‘ஃப்ளோவிஸ்’ அதற்கு எஸ்4 முறைகளைச் சேர்த்தது. நீட்டிக்க வைத்தது பொதுச் செயற்கூறு; வம்சாவளி அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: பொதுச் செயற்கூறு தேறியது. மரபுரிமை, தாய் வகுப்பின் ஒவ்வொரு முறையும் பிள்ளையிடமும் அதே பொருள் தந்தால் மட்டுமே தேறும். எங்கள் மாதிரி வகுப்பின் சீட்டிலிருந்து ‘எல்.எம்.’மை அழித்துவிட்டு, தேவையான நான்கு முறைகளை நானே எழுதிவிட்டேன். போன வாரம் இரவு ஷிப்ட் தம்பி ஐந்தாவது ஒன்றைக் கேட்டிருக்கிறான். “அண்ணே, முறையே இல்லையாம்” என்று போன் வந்தது.