தோண்டிய மண் எங்கே? – சுரங்க விளையாட்டு ஒன்றின் உலகமைப்பும் கொடுமணமும்

முன்னுரை

புலவன் ஓர் உலகைப் படைக்கின்றான். அவ்வுலகு நாம் வாழும் உலகை அப்படியே ஒத்திருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆயினும் அதற்கெனத் தனி முறைமை ஒன்று உண்டு. அம்முறைமை பிறழ்வதுபோல் தோன்றுமிடத்துக் கற்பார் உள்ளம் தடைப்படும். அத்தடை படைப்பாளியின் பிழையால் எழுந்ததா, கற்பார் நோக்கின் குறையால் எழுந்ததா, அன்றிப் படைப்பின் உட்கருத்தையே சுட்டுவதா எனப் பகுத்துணர்தல் திறனாய்வின் முதற்கடன் ஆகும்.

இந்நாளில் ஏட்டில் மட்டுமன்றிக் கணினியிலும் உலகங்கள் படைக்கப்படுகின்றன. தெருக்கூத்தையும் நாட்டுப்பாடலையும் திரைப்படத்தையும் ஆய்வுப் பொருளாக ஏற்றுக்கொண்ட தமிழ்த்துறை, கணினி விளையாட்டை விலக்குதற்குக் காரணம் இல்லை. எம் முதுகலை வகுப்பில் உலகமைப்புப் பற்றிய உரையாடல் நிகழ்ந்தபோது, பல்லடம் பக்கத்து உழவர் குடியில் பிறந்த மாணவர் ஒருவர், தாம் ஆடும் சுரங்க விளையாட்டைப் பற்றி ஐயம் ஒன்று எழுப்பினார். 'ஐயா, அங்கே நாள் முழுதும் தோண்டுகின்றனர். தோண்டிய மண் எங்கே போகின்றது?' என்பது அவர் வினா. நகைப்புக்கு இடமாகத் தோன்றிய அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

விளையாட்டின் இயல்பு

'டீப் ராக் கேலக்டிக்' என்பது டென்மார்க்கு நாட்டுக் 'கோஸ்ட் ஷிப் கேம்ஸ்' நிறுவனம் ஆக்கிய விளையாட்டு. 2018இல் முன்வெளியீடாகவும் 2020இல் நிறைவடிவிலும் வந்தது. வருங்காலத்தில், 'ஹாக்ஸஸ்' என்னும் கோளின் அடியில், வணிக நிறுவனம் ஒன்று கனிமம் எடுக்கின்றது. அதன் பணியாளர் அனைவரும் குள்ளர். நால்வர் வரை ஒன்றுகூடி ஆடலாம். வேவு பார்ப்பவர், பொறிஞர், பெருந்துப்பாக்கி ஏந்துபவர், துளையிடுபவர் எனத் தொழில் நான்கு. எடுத்த கனிமத்தைக் காலுடைய பொதிப்பொறி ஒன்று சுமக்கும். கிளிஃபிட் எனப்படும் பூச்சியினங்கள் இடையிடையே தாக்கும். குறித்த அளவு கனிமம் சேர்ந்ததும் மேலிருந்து கலம் ஒன்று இறங்கும். சில நிமிடங்களுக்குள் அதனை அடைந்து ஏறாதாரை விட்டுவிட்டு அது புறப்படும்.

விண்கலம் செலுத்தும் காலத்தில் குள்ளர் ஏன் என்பது முதலில் எழும் ஐயம். வடபுல ஐரோப்பியத் தொல்கதைகளில் குள்ளர் நிலத்தடியில் வாழ்வோராகவும் கொல்லுத்தொழில் வல்லோராகவும் பேசப்படுவர். அம்மரபில் வந்தோர் சுரங்கத்தைக் கற்பனை செய்தவிடத்துக் குள்ளர் தாமே வந்து நின்றனர். குறிஞ்சி பாடுவார்க்கு வேலனும் தினைப்புனமும் தாமே வந்து நிற்றல் போன்றது இது. மரபு தந்த கருப்பொருள் எனக் கொள்ளின் இவ்வையம் நீங்கும்.

முப்பொருள் கொண்டு நோக்கல்

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பகுப்பு, படைப்புலகை அளக்கும் கோலாக இன்றும் பயன்படும். ஹாக்ஸஸ் கோளில் பனிப்படுகை, உப்புக்குழி, பூஞ்சைச் சதுப்பு, தீக்குழம்பு நிறைந்த ஆழம் என நிலம் பலவகைப்படும். நிலந்தோறும் கனிமமும் செடியும் இடரும் வேறுபடுகின்றன. நிலத்துக்கும் கருவுக்கும் உள்ள இவ்வியைபு திணை நெறியை நினைவூட்டுவது. பொழுது மட்டும் இல்லை. கதிரவன் புகாத ஆழத்தில் அஃது இல்லாமையே இயல்பு.

கருப்பொருளுள் உணவும் தொழிலும் வெளிப்படை. பாறையில் விளையும் செந்நிறச் சர்க்கரை புண்ணை ஆற்றுகின்றது. பணி முடிந்தோர் கூடிக் கள்ளுண்கின்றனர். தெய்வத்தின் இடத்தில் கார்ல் என்பான் ஒருவன் உளன். அவன் பெயரைச் சொல்லியே குள்ளர் குடிக்கின்றனர். பெருஞ்செயல் செய்தவிடத்து அவனை நினைக்கின்றனர். அவன் யாவன், என் ஆயினான் என்பது தெளிவாக உரைக்கப்படவில்லை. கொங்கு நாட்டு ஊர்ப்புறங்களில் பெயர் மறந்துபோன வீரனது நடுகல் பூசை பெறுவதைக் கண்டார்க்கு இது புதிராகாது. உரிப்பொருளோ உடன்வந்தாரைக் கைவிடாமை. வீழ்ந்தவனைத் தூக்கி நிறுத்திக் கலத்துக்கு மீளுதலே ஆட்டத்தின் உயிர்நிலை.

புதிர் மூன்று

இவ்வளவு இயைபுடைய உலகில் மூன்று புதிர்கள் எஞ்சுகின்றன.

முதலாவது, மோர்கைட் என்னும் கனிமத்துக்காகப் பல பயணங்கள் நிகழ்கின்றன. அது பின்னர் எப்பொருளாக மாறி எவர் கையைச் சேர்கின்றது என்பதை ஆடுவோர் ஒருகாலும் காண்பதில்லை. இரண்டாவது, நிறுவனத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் குள்ளர், தம் கருவிகளைச் செப்பம் செய்யவும் தாம் பெற்ற ஊதியத்தையே செலவிடுகின்றனர். குண்டு தீர்ந்தால், நைட்ரா என்னும் மற்றொரு கனிமத்தில் 80 அலகு தோண்டிச் சேர்த்த பின்னரே புதிய குண்டுப்பேழை மேலிருந்து வருகின்றது. மூன்றாவது, மாணவர் கேட்ட மண்.

முன்னைய இரண்டும் நோக்குநிலையால் விளங்குவன. இவ்வுலகு கூலியாளின் கைவிளக்கு எட்டும் தொலைவே காட்டப்படுகின்றது. தான் எடுத்த கல் யார் கழுத்தில் ஏறும் என்பது சுரங்கத் தொழிலாளி அறியாதது. உலகில் பெரும்பான்மைச் சுரங்கங்களில் நிலை அதுவே. கருவியின் செலவைத் தொழிலாளி தலையில் ஏற்றுதலும் வரலாற்றில் காணாத வழக்கன்று. ஆகவே பிழையெனத் தோன்றிய இரண்டும் உட்கருத்தாயின. நகைச்சுவை போர்த்த எள்ளல் அவற்றுள் உண்டு.

மூன்றாம் புதிர் இவ்வாறு அமைவதன்று. கோடரி வீழ்ந்த இடத்தில் பாறை மறைகின்றது. துளைப்பொறி நெடுவழி குடைகின்றது. குடைந்த கல் ஒரு கூடையளவும் எஞ்சுவதில்லை. கூலியாளின் கண்ணுக்கு முதலில் தெரிவது மண்ணே. அவன் நோக்கில் அமைந்த உலகில் அது தெரியாமை எவ்வாறு?

கொங்கு நாட்டில் பாறை உடைத்துக் கிணறு வெட்டிய குடியினர்க்கு இதன் அருமை நன்கு தெரியும். வெட்டுதல் பாதி வேலை. வெட்டியதை மேலேற்றுதல் மறுபாதி. உடைந்த கல், உடையுமுன் இருந்ததினும் மிகுதியான இடத்தை அடைக்கும். எடுத்த குழிக்குள் அது திரும்பவும் அடங்காது. கிணற்றருகே குவிந்த கல்மேடு, கிணற்றின் ஆழத்தை ஊராருக்கு அறிவிக்கும் கணக்கேடு போன்றது. அம்மாணவர் அத்தகைய மேட்டின்மீது ஏறி வளர்ந்தவர். ஆதலின் வினா அவருக்குத் தோன்றியது. நகர் வாழ்வினராகிய எமக்குத் தோன்றவில்லை.

ஒரு தடையும் விடையும்

இது விளையாட்டன்றோ, மண்ணைச் சுமக்க வைத்தால் ஆடுவார் யார் எனச் சிலர் வினவக்கூடும். அவர் கூற்றில் உண்மை உண்டு. உலகியல் வழக்கோடு நாடக வழக்கும் கலந்ததே புலனெறி வழக்கம் என்பது நம் இலக்கணம். சுவைக்கு ஆகாதவற்றை நீக்குதல் நாடக வழக்கின் உரிமை. தோண்டியதால் கூரை சரியாமையும், அடிநிலத்து நீர் ஊறிக் குழியை நிரப்பாமையும் அவ்வுரிமையின்பாற் படும்.

ஆயினும் நீக்கியது உரிப்பொருளுக்கு ஊறு செய்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். இவ்விளையாட்டின் உரிப்பொருள் மீட்சி என்றோம். வந்த வழியே திரும்புவோன் தான் வெட்டிய மண்ணையே தடையாகக் காண்பானாயின், மீட்சியின் இடர் அவன் செயலின் விளைவாக அமையும். இங்கோ இடர் பெரும்பாலும் பூச்சியிடமிருந்து வருகின்றது. குள்ளன் செய்கைக்கு விளைவு இல்லை. மேலும், குகைகள் பயணந்தோறும் கணினியால் புதிதாக ஆக்கப்படுகின்றன. நேற்றுக் குடைந்த வழிக்கு இன்று எவரும் செல்வதில்லை. முன்னோர் விட்டுச்சென்ற உடைந்த பொறிகளை மீட்கும் பணி ஒன்று உண்டு என்பதை மறுக்கவில்லை; அங்கும் பொறி கிடக்கின்றதே அன்றி அவர் வெட்டிக் குவித்த மேடு இல்லை. நேற்று என்பதன் சுவடு பொறியில் உண்டு, நிலத்தில் இல்லை. இதுவே அவ்வுலகின் மெய்யான குறை என்பது எம் துணிபு.

கொடுமணம்

இக்குறையை அயல்நாட்டார் படைப்பின்மேல் ஏற்றி அமைதல் நேர்மையாகாது. நம் தொல்லிலக்கியத்திலும் இதனை ஒத்ததொன்று உளது.

பதிற்றுப்பத்தின் 67ஆம் பாட்டில் கபிலரும், 74ஆம் பாட்டில் அரிசில் கிழாரும் கொடுமணம் என்னும் ஊரைக் குறிக்கின்றனர். முன்னது செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடியது. பின்னது பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடியது. இருவர் பாட்டிலும் கொடுமணத்தோடு பந்தரும் அதன் முத்தும் வருகின்றன. தொழில்நலம் சிறந்த கலன்களின் ஊராகவே கொடுமணம் தோன்றுகின்றது. கல் பிறந்த குழி இல்லை, உலை இல்லை, அறுத்தோர் இல்லை. குறிஞ்சிப் பாடல்களிலும் மணி பாம்பு உமிழ்ந்ததாகவோ மலைச்சரிவில் தானே கிடந்து ஒளிர்வதாகவோ வருதலே மிகுதி. விளையாட்டில் குழி உண்டு, கலன் இல்லை. பாட்டில் கலன் உண்டு, குழி இல்லை. ஒன்று கூலியாளின் நோக்கு. மற்றொன்று பரிசிலர் நோக்கு. நோக்கு மாறினும் இரண்டிலும் ஒருங்கே இல்லாதது கழிபொருளே.

அக்கழிபொருளை நமக்குக் காட்டியது அகழாய்வு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலே பாட்டிற் கூறிய கொடுமணம் என்பது அறிஞர் பலர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் முதலியன 1985 முதல் அங்குப் பலமுறை அகழ்ந்தன. இரும்பு உருக்கிய உலைகளும் இரும்புக் கசடும் கிடைத்தன. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றின் மணிகள் கிடைத்தன. முற்றுப்பெற்ற மணிகளோடு, துளையிடாதன, மெருகேறாதன, வேலையில் உடைந்து எறியப்பட்டன, செதுக்கிய சில்லுகள் ஆகியனவும் மிகுதியாகக் கிடைத்தன. பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரிலும், நீலக்கல் சிவன்மலைப் பகுதியிலும், இரும்புத்தாது சென்னிமலைப் பகுதியிலும் கிடைப்பன. இந்தியாவுக்கு வெளியே பச்சைக்கல் அரிதென உரோம நாட்டுப் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியதன் பொருளும் இதனால் துலங்குகின்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. முற்றுப்பெற்ற மணி எங்கும் செல்லும். அது கிடைத்த இடம் செய்த இடம் ஆகாது. உடைந்த மணியும் சில்லும் கசடுமே செய்த இடத்தில் தங்குவன. கொடுமணல் தொழிற்கூடம் என நாம் அறிந்தது கழிபொருளால் ஆயிற்று. அவ்வாறே, உடைந்து எறியப்பட்ட பானையோடுகளிலேதான் தமிழ் எழுத்தில் ஆதன், சம்பன், சுமணன் முதலிய பெயர்கள் நமக்கு எட்டின. வேந்தர் பெயரைப் பாட்டுக் காத்தது. ஊரில் வாழ்ந்தார் பெயரைக் குப்பை காத்தது.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன சில. படைப்புலகின் முரண் எனத் தோன்றுவதை உடனே பிழையென ஒதுக்காது, யார் நோக்கில் அவ்வுலகு அமைந்தது என முதலில் வினவுதல் வேண்டும். நோக்கால் விளங்காது எஞ்சுவதே மெய்யான முரண். இவ்விளையாட்டில் அவ்வாறு எஞ்சியது மண். கழிபொருள் மறைந்த உலகில் உழைப்பு வெறும் விரைவாகத் தோன்றும். உழைத்தோர் சுவடின்றி மறைவர்.

67ஆம் பாட்டையும் 74ஆம் பாட்டையும் சேரர் கொடைக்கும் கடல்வாணிகத்துக்கும் சான்றாக நாம் நெடுங்காலம் கற்பித்து வந்துள்ளோம். அது தவறன்று; ஆயின் நிறைவன்று. கலன் எனப் படிக்குமிடத்துச் சில்லையும், மணி எனப் படிக்குமிடத்துக் குழியையும் மாணவர் நினைக்குமாறு கற்பித்தல் நம் கடன். கோவையிலிருந்து கொடுமணல் ஒரு பகற்பயணத்தில் கண்டு திரும்பத்தக்க தொலைவினது; பாடம் நடத்துமுன் ஒருமுறை அழைத்துச் செல்லலாம்.

விளையாட்டு ஓடும் கணினியின் உள்ளும் எங்கோ ஒரு குழியினின்று வந்த செம்பும் பொன்னும் உள. அக்குழியின் மண்ணும் எங்கோ மேடாகக் கிடக்கின்றது. அம்மேட்டைப் பற்றி வினவக் கற்றவர் பாட்டையும் நன்கு கற்பர் என்பது எம் நம்பிக்கை.