ஓ.எஸ்.ஜி.ஐ. தொடக்க நிலை: எண்ணால் வரிசையமைக்கும் முறையின் குறைகள்

ஓ.எஸ்.ஜி.ஐ. என்பது ஜாவா மென்பொருளைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து இயக்குவதற்கான வரையறை ஆகும். இத்தொகுதிகள் பண்டில் எனப்படுகின்றன. 2004-இல் வெளிவந்த எக்லிப்ஸ் 3.0 இவ்வரையறையை அடித்தளமாக ஏற்றது. எந்தப் பண்டில் முதலில் தொடங்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய நிரலர்கள் பலர் தொடக்க நிலை என்னும் வசதியை நாடுகின்றனர். அது அந்த வேலைக்கு உரிய கருவி அன்று.

தொடக்க நிலை ஒவ்வொரு பண்டிலுக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. சட்டகம் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு ஏறிப் பண்டில்களைத் தொடங்கும். நிறுத்தும்போது தலைகீழாக இறங்கும். தரவுத்தளப் பண்டிலுக்கு 10, அதைப் பயன்படுத்தும் கணக்குப் பண்டிலுக்கு 20 என்று இட்டால் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும்.

உண்மையில் தீர்வதில்லை. பண்டில் தொடங்கியது என்பதும் அதன் சேவை ஆயத்தமானது என்பதும் வெவ்வேறு. தரவுத்தள இணைப்பு தனி இழையில் திறக்கப்பட்டால், அது முடியும் முன்பே சட்டகம் 20-க்குச் சென்றுவிடும். வேகமான கணினியில் தெரியாத இப்பிழை, மெதுவான வழங்கியில் சில நாட்களில் மட்டும் தலைகாட்டும். ஒரே எண் கொண்ட பண்டில்களுக்கிடையே வரிசைக்கு உறுதியும் இல்லை. இயங்கும்போதே தரவுத்தளப் பண்டிலை நிறுத்திப் புதுப்பித்தால் எண்கள் எதையும் காப்பதில்லை. மேலும், 20 என்ற எண் ஏன் இடப்பட்டது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

டிக்ளரேட்டிவ் சர்வீசஸ் இதற்கு மாற்றாகும். இதில் ஒவ்வொரு கூறும் தனக்குத் தேவையான சேவைகளை அறிவிக்கிறது. கட்டாயச் சேவைகள் கிடைத்த பின்னரே கூறு செயல்படும். அவற்றில் ஒன்று நீங்கி, மாற்றும் கிடைக்காவிட்டால் கூறும் ஓய்வுபெறும். வரிசை தானாகவே அமைகிறது.

இம்முறையிலும் குறை உண்டு. ஒரு சேவை வராவிட்டால் காத்திருக்கும் கூறு பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் தராமல் அமைதியாக இருக்கும். காரணத்தை நிரலரே தேடிப்பிடிக்க வேண்டும். நீட்சிகள் எத்தனை வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, "எல்லாம் வந்துவிட்டன" என்று சொல்ல வழியில்லை. ஆயினும், காத்திருக்கும் கூறு தவறான விடையைத் தருவதில்லை என்பதால் இக்குறை பொறுக்கத்தக்கது.

பதிவேடு எழுதும் பண்டிலை முதலில் எழுப்பவும், பழுது பார்க்கும்போது சிலவற்றை மட்டும் இயக்கவும் தொடக்க நிலை பயன்படும். அதை நீக்கினாலும், தாமதமாகவேனும், மென்பொருள் சரியாக இயங்க வேண்டும். இயங்காவிட்டால், அறிவிக்கப்படாத சார்பு ஒன்று எங்கோ உள்ளது என்பது பொருள்.